பூட்டுப் போடாத விஞ்ஞானி

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு என்றவுடன் நம் பாட்டிமார் காலத்து மரப்பெட்டியும், நெல் அறையும், கடைவீதிக் கதவுகளும் நினைவுக்கு வருகின்றன. இரும்பை அறுத்து, அரத்தால் ராவி, தன் சாவி ஒன்றுக்கே திறக்கும்படி அமைக்கும் அந்தக் கைவேலைக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. பாடுபட்டுக் கற்ற தொழிலைப் பிறர் களவாடாதபடி காத்துக்கொள்வது நியாயமே. உழைத்தவனுக்கு உழைப்பின் பலன் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆனால் இவ்வாரம் நாம் எழுதப்போவது, விலை கொடுக்க ஆள் வந்து நின்றபோதும் தம் கண்டுபிடிப்புக்குப் பூட்டுப் போட மறுத்த ஒரு மனிதரைப் பற்றி. அவர்தாம் ஜகதீச சந்திர போஸ். போஸ் என்றதும் நேதாஜியை நினைப்பவர் பலர். அவர் வேறு, இவர் வேறு. இவர் விஞ்ஞானி, கம்பியில்லாமல் ஆகாயத்தில் செல்லும் மின் அலைகளை நம் நாட்டில் முதன்முதல் உண்டாக்கிக் காட்டியவர்.

இவருடைய வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. இவர் இரண்டு முறை பணத்தை வேண்டாமென்று தள்ளினார். முதல் முறை, கொடுத்தது குறைவு என்பதற்காக. இரண்டாம் முறை, தம் கண்டுபிடிப்பைத் தமக்கென்று பூட்டி வைத்தால் பெருஞ்செல்வம் வரும் என்றபோது. குறைந்ததற்காக ஒருமுறையும், மிகுந்ததற்காக ஒருமுறையும் மறுத்த மனம் எத்தகையது? குடும்பம் நடத்துகிற நாம் ஒவ்வொருவரும் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

பள்ளித் திண்ணையில்

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, இப்பொழுது பங்களாதேஷில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரில் ஜகதீசர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ், ஆங்கில அரசாங்கத்தில் டிப்டி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினார்கள். பகவான் சந்திரரோ தம் மகனை ஊரிலுள்ள வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். பிற மொழியைக் கற்குமுன் தாய்மொழியைக் கற்க வேண்டும், தன் நாட்டு மக்களோடு பழக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தப் பள்ளியில் ஜகதீசனுக்கு ஒரு பக்கம், தந்தையின் ஏவலாளாயிருந்த ஒரு முஸ்லிமின் மகன் உட்கார்ந்தான். மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். பறவைகளையும் விலங்குகளையும் நீரில் வாழும் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை இவன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பான். இயற்கையை ஆராயும் ஆசை தம் உள்ளத்தில் முளைத்தது அங்கேதான் என்று பெரியவரான பின்னும் அவர் நன்றியோடு நினைவு கூர்ந்தார். பள்ளி விட்டு அந்தச் சிறுவர்கள் வீட்டுக்கு வந்தால், ஆசாரமான பழைய வழக்கத்தில் வளர்ந்த தாயாரும் வேற்றுமை பாராமல் எல்லோருக்கும் ஒன்றுபோல் உணவு கொடுப்பார்.

சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரன். பகவான் சந்திரரே அவனைச் சிறைக்கு அனுப்பியவர். விடுதலையாகி வந்த அவனுக்குப் பிழைக்க வழியில்லை. மாஜிஸ்திரேட்டு அவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்து, தம் குழந்தையையே அவன் கையில் ஒப்படைத்தார். பின்னொரு நாள் அந்தக் குடும்பம் படகில் போகையில், ஆற்றுக் கொள்ளைக்காரர்கள் துரத்தி வந்தார்கள். அப்போது அந்த வேலைக்காரன் எழுந்து நின்று, தன் பழைய கூட்டத்தார் அறிந்த ஒரு கூவலைக் கூவினான். துரத்தியவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நம்பி ஒப்படைத்தவர் ஏமாறவில்லை.

சவேரியார் கல்லூரியில்

பத்து வயதுக்குப்பின் ஜகதீசர் கல்கத்தாவுக்கு வந்தார். சிறிது காலம் ஹேர் பள்ளியில் படித்து, பின்னர் சேசு சபையார் நடத்திவந்த அர்ச். சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கேதான் அவருடைய வாழ்க்கைக்குத் திருப்பம் உண்டாயிற்று. காரணம், லஃபோன் சுவாமியார்.

யூஜின் லஃபோன் சுவாமியார் பெல்ஜியம் நாட்டு மோன்ஸ் நகரில் 1837-ம் ஆண்டு பிறந்தவர். 1865-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் நம் நாட்டில் விஞ்ஞானம் என்றால் புத்தகத்தை நெட்டுருப் போடுவதே வழக்கம். சுவாமியாரோ மேசைமேல் கருவிகளைப் பரப்பி, கண்முன்னே செய்து காட்டித்தான் பாடம் நடத்துவார். 1867-ம் ஆண்டு அவர் நாள்தோறும் எடுத்துவந்த வானிலைக் குறிப்புகளால், கடும்புயல் ஒன்று வருவதை முன்கூட்டியே அறிந்து கல்கத்தா நகரத்தாரை எச்சரிக்க முடிந்தது. 1876-ம் ஆண்டு டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெரியார் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை நிறுவியபோது, சுவாமியார் அவருக்கு வலக்கையாய் நின்றார். நம் திருச்சி மண்ணில் பிறந்த சி. வி. ராமன் 1928-ம் ஆண்டு ஒளியைப் பற்றிய தம் பெருங்கண்டுபிடிப்பைச் செய்ததும், 1930-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றதும் அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலையால்தான்.

இத்தகைய ஆசிரியரிடம் கற்ற ஜகதீசர் 1879-ம் ஆண்டு பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டும். தந்தையோ ஏழைகளுக்கு உதவும் நோக்கத்தோடு தொழில்கள் தொடங்கிக் கடனில் ஆழ்ந்திருந்தார். தாயார் தம் நகைகளைக் கொடுக்க முன்வந்தார். 1880-ம் ஆண்டு லண்டனில் மருத்துவம் படிக்கத் தொடங்கிய மகனை விடாத காய்ச்சல் வாட்டியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கே ராலே பிரபு என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

முதல் மறுப்பு

1885-ம் ஆண்டு கல்கத்தா இராஜதானிக் கல்லூரியில் ஜகதீசர் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்நாளில் கல்வி இலாகாவில் ஓர் அநியாயம் சட்டமாகவே இருந்தது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. ஜகதீசர் தற்காலிக நியமனம் பெற்றவர் என்பதால் அதிலும் பாதி. அதாவது மூன்றில் ஒரு பங்கு!

அவர் என்ன செய்தார்? வேலையை விட்டு ஓடவில்லை, மேடையேறித் திட்டவுமில்லை. நாள் தவறாமல் வகுப்புக்குப் போனார். குறைவின்றிப் பாடம் நடத்தினார். மாதா மாதம் வந்த சம்பளத்தை மட்டும் தொடாமல் திருப்பினார். ஒரு மாதம் இரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்.

இந்த மூன்று ஆண்டுகள் அவர் தனியாள் அல்ல. தந்தையின் கடன் தலைமேல் நின்றது. இடையில் 1887-ம் ஆண்டு அபலா தாஸ் என்னும் பெண்மணியை மணந்துகொண்டார். அபலா அம்மையார் நம் சென்னைக்குப் புதியவரல்லர். வங்காள அரசாங்கத்தின் உதவித்தொகை பெற்று 1882-ம் ஆண்டு சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலக் குறைவால் அதை முடிக்க முடியவில்லை. கல்கத்தாவில் வாடகை கொடுக்க இயலாமல் தம்பதிகள் ஆற்றுக்கு அப்பால் சந்திரநாகூரில் குடியிருந்தார்கள். ஜகதீசர் கல்லூரிக்குப் போகச் சிறு படகில் ஹூக்ளி நதியைக் கடப்பார். அம்மையார் படகைத் தாமே திருப்பி ஓட்டிக்கொண்டு வீடு சேர்வார். கணவன் ஒரு கொள்கைக்காக நிற்கும்போது வீட்டில் அடுப்பெரிக்கும் மனைவியும் அதே கொள்கையைச் சுமக்கிறாள் என்பதை நாம் பல சமயம் மறந்துவிடுகிறோம்.

கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அவருடைய திறமையையும் பொறுமையையும் கண்டு, பதவியை நிரந்தரமாக்கி, மூன்று ஆண்டு முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போயிற்று. தமக்காக மட்டும் அவர் போராடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை அவர் கைநீட்டி வாங்கியிருந்தால், அவருக்குப்பின் வந்த ஒவ்வோர் இந்தியனுக்கும் அதுவே விலையாகியிருக்கும்.

கம்பிச் சுருளும் அலைகளும்

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். இதற்கு முன் வேறொரு குருவானவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

அயர்லாந்து தேசத்தில் மேனூத் என்ற ஊரில் ஒரு பெரிய குருமடம் இருக்கிறது. 1826-ம் ஆண்டு முதல் அங்கே பௌதிகம் கற்பித்தவர் நிக்கொலாஸ் காலன் சுவாமியார். ஓர் இரும்புத் தண்டின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், அதன்மேல் மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகளும் சுற்றுவது. தடித்த கம்பியில் ஓடும் சிறு மின்சாரத்தைச் சட்டென்று துண்டிப்பது. அப்படித் துண்டித்த கணத்தில் மெல்லிய கம்பியில் மிகப் பெரிய மின் அழுத்தம் எழுந்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே பளீரென்று பொறி பாயும். 1836-ம் ஆண்டு அவர் இதைச் செய்து காட்டினார். அதிர்ச்சி எவ்வளவு என்று அறியத் தம் குருமட மாணவர்களையே தொடச் சொல்வாராம்; சிலர் மயங்கி விழுந்ததும் உண்டு! மோட்டார் வண்டி எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் சுருள் இந்தக் கருவியின் வழிவந்ததே. ஆகையால், பழைய வண்டிச் சுருளைப் பிரித்து வீட்டில் பொறி விட்டுப் பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டால், விளைவைச் சொல்லித் தடுப்பது நலம். ஆசை நல்லது, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காலன் சுவாமியார் தம் சுருளுக்கு உரிமை கொண்டாடவில்லை. பாரிஸில் கருவிகள் செய்து விற்ற ரும்கார்ஃப் என்பவர் அதைத் திருத்தமாகச் செய்தார். 1864-ம் ஆண்டு பிரெஞ்சு அரசரிடம் 50,000 பிராங்கு பரிசும் பெற்றார். சுருளுக்கு அவர் பெயரே வழங்கியது. அதே 1864-ம் ஆண்டு ஜனவரியில் காலன் சுவாமியார் குருமடத்திலேயே அமைதியாகக் கண்மூடினார்.

இந்தச் சுருளின் பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் எழுந்து, குளத்தில் கல்லெறிந்தால் வட்டம் பரவுவதுபோல் வெளியில் பரவுகின்றன என்பதை 1887, 1888-ம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் நிரூபித்தார். அவர் 1894-ம் ஆண்டு இளவயதிலேயே இறந்தார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதை ஜகதீசர் படித்தார். அவ்வாண்டு நவம்பர் 30-ந் தேதி, தம் முப்பத்தாறாவது பிறந்த நாளில், இனித் தம் வாழ்நாளை ஆராய்ச்சிக்கே கொடுப்பதென்று உறுதி செய்துகொண்டார்.

உறுதி இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் குளியலறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிறு இடமே அவருக்குக் கிடைத்தது. கருவிகள் செய்ய, எழுத்தறியாத ஒரு தகரவேலைக்காரரைத் தாமே பழக்கினார். செலவும் தம் சம்பளத்திலிருந்து. வகுப்புகளை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. தகரமும் இரும்பும் கையாளும் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டு மகிழலாம்: உலகத்தார் வியந்த கருவிகள் ஒரு தகரவேலைக்காரரின் கையால் உருவானவையே.

ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலை முழக்கணக்கில் நீளமானது. அலை நீளமாக இருந்தால் சிறிய மேசைமேல் வைத்து அதன் குணங்களைச் சோதிப்பது கடினம். ஆகவே ஜகதீசர் அலையைக் குறுக்கிக்கொண்டே போனார். பிளாட்டினம் பூசிய சிறு குண்டுகளுக்கு நடுவே பொறி பாயவிட்டு, கடைசியில் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலையை உண்டாக்கினார். ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் நீளம்! வரும் அலையைப் பிடிக்க, மெல்லிய எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கிய ஒரு கருவியும் செய்தார்.

இந்தச் சிற்றலைகள் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், வளையும் என்று காட்டினார். அதற்கு அவர் கையாண்ட பொருள்கள் நமக்குச் சிரிப்பை உண்டாக்கும். ரெயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தாள்களைச் செருகி, அலையின் வழியில் வைப்பார். புத்தகத்தை ஒரு விதமாகப் பிடித்தால் அலை கடந்து போகும். திருப்பிப் பிடித்தால் தடைப்பட்டு நிற்கும். முறுக்கிய சணல் கற்றையைக் கொண்டு அலையின் அதிர்வுத் திசையையே திருப்பிக் காட்டினார். கையில் உள்ளதைக் கொண்டு செய்வதே கெட்டிக்காரத்தனம்.

1895-ம் ஆண்டு கல்கத்தாவில் பொதுமக்கள் முன் இந்த அலையின் வல்லமையை அவர் காட்டினார். ஓர் அறையில் பொறி பாய்ந்தது. அலை சுவர்களையும், சபையில் வீற்றிருந்த பெரிய மனிதரின் உடலையும் ஊடுருவிச் சென்று, சுமார் 75 அடிக்கு அப்பால் ஒரு மணியை அடித்தது. துப்பாக்கியைச் சுட வைத்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது. நடுவில் கம்பி என்பதே இல்லை. அதே ஆண்டு அவருடைய கட்டுரையை ராலே பிரபு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1896-ம் ஆண்டு லண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் புகழ்பெற்ற சபையில் அவர் பேசினார்; கெல்வின் பிரபுவைப் போன்ற முதியவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். கல்கத்தாவில் லஃபோன் சுவாமியாரும் அவ்வாண்டு மேடையேறி, கம்பியில்லாத் தந்தி விஷயத்தில் தம் பழைய மாணவரே முந்தியவர் என்று எடுத்துரைத்தார்.

இரண்டாம் மறுப்பு

இதற்குள் இத்தாலியரான மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை வியாபாரமாக வளர்த்துவந்தார். அந்தத் துறையில் பணம் வெள்ளமாகப் பாயத் தொடங்கிற்று. 1901-ம் ஆண்டு மே மாதம் ஜகதீசர் லண்டனில் பேசவிருந்த சமயம், பெரிய தந்திக் கம்பெனியின் முதலாளி ஒருவர் அவரைத் தேடி வந்தார். கருவியின் உள்விவரத்தைக் கூட்டத்தில் வெளியிட வேண்டாம், தாமே காப்புரிமை பெற்றுத் தருவதாகவும், இலாபத்தில் பங்கு தருவதாகவும் ஆசை காட்டினார். ஜகதீசர் இணங்கவில்லை. இவ்வளவு பெரிய செல்வர் இன்னும் கொஞ்சம் பணத்துக்காகத் தம் முன் கெஞ்சி நின்றதைப் பற்றித் தம் நண்பர் கவி ரவீந்திரநாத தாகூருக்கு எழுதினார். அந்தச் சுழலில் ஒருமுறை கால் வைத்தால் மீள வழியில்லை என்ற அச்சத்தையும் அக்கடிதத்தில் வெளியிட்டார். கூட்டத்தில் எல்லாவற்றையும் திறந்து சொன்னார்.

அவருடைய நலம் நாடிய நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும், அமெரிக்க மாதான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், கருவிகளில் ஒன்றுக்கு 1901-ம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிற்று. 1904-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி உரிமையும் கிடைத்தது. அவரோ அதைக் கொண்டு ஒரு காசும் சம்பாதிக்காமல், காலம் கடந்து கழிந்துபோக விட்டுவிட்டார்.

இதனால் வந்த நஷ்டம் சிறிதல்ல. 1899-ம் ஆண்டு அவர் பாதரசமும் இரும்பும் கொண்டு அமைத்த ஓர் அலைவாங்கியை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். 1901-ம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்த செய்தியை மார்க்கோனி கேட்டது அவ்வகைக் கருவியின் வழியாகத்தான் என்று 1998-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியாளர் சான்றுகளோடு எழுதினார். 1909-ம் ஆண்டு நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஜெர்மானியரான பிரௌனுக்கும் போயிற்று. தந்தியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த மார்க்கோனியின் உழைப்பும் பெரிதே. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஜகதீசரின் பெயர் அந்த வரலாற்றில் நெடுங்காலம் காணாமலே போயிற்று.

களைத்துப்போன கருவி

அலைவாங்கியோடு வேலை செய்கையில் ஜகதீசர் ஒரு புதுமையைக் கண்டார். தொடர்ந்து அலைகளைப் பிடித்த கருவி மெல்ல மெல்ல மந்தமாயிற்று. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் பழையபடி சுறுசுறுப்பாயிற்று. இது மனிதனின் தசை களைப்பதும் தேறுவதும் போலிருக்கிறதே என்று அவர் நினைத்தார். உலோகத்தையும், செடியையும், பிராணியின் தசையையும் ஒரே விதமாகத் தூண்டிப் பார்த்து, மூன்றும் ஒன்றுபோலவே பதில் கொடுக்கின்றன என்ற புதுக் கொள்கையை 1900-ம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் வெளியிட்டார்.

இதுவரை பாராட்டியவர்களே இப்பொழுது முகம் சுளித்தார்கள். 1901-ம் ஆண்டு ஜூன் மாதம் ராயல் சொசைட்டியில் உடலியல் மேதையான பர்டன் சாண்டர்சன் எழுந்து எதிர்த்தார். பௌதிகம் படித்தவர் உயிர்களின் துறையில் தலையிடுவது பொருந்தாது என்பது அவர் கருத்து. கட்டுரை அச்சேறாமல் நின்றது. ஜகதீசர் சோர்ந்து ஊர் திரும்பவில்லை. 1902-ம் ஆண்டு தம் சோதனைகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். நம் வயல் வரப்புகளில் முளைக்கும் தொட்டாற்சுருங்கியும், தானாகவே இலையசைக்கும் தொழுகண்ணியும் அவருடைய சோதனைக்கு உதவின. செடியின் வளர்ச்சியைக் கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியையும் செய்தார்.

1920-ம் ஆண்டு லண்டனில் அந்தக் கருவியையே சந்தேகித்து ஒருவர் பத்திரிகையில் எழுதினார். ஜகதீசர் கோபித்துக்கொள்ளவில்லை, கருவியை எடுத்துச் சென்று, அறிஞர்கள் கூடிய இடத்தில் வைத்து, சோதித்துப் பார்க்கும்படி விட்டார். பார்த்தவர்கள் அது சொல்வது மெய்யே என்று பத்திரிகையில் கையெழுத்திட்டு வெளியிட்டார்கள். அவ்வாண்டே அவர் ராயல் சொசைட்டி அங்கத்தினரானார்.

அவர் சொன்னவை எல்லாம் நிலைத்துவிட்டனவா? இல்லை. உலோகமும் உயிருள்ளதுபோல் உணர்கிறது என்ற எண்ணத்தை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. செடிகளுக்குள் மின் குறிப்புகள் ஓடுகின்றன என்பதையோ இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். புதிய கொள்கை பேசுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுள் மதிப்புக்குரியவர் யாரென்றால், தம் கருவியைத் திறந்து காட்டி, வந்து சோதித்துப் பாருங்கள் என்று அழைப்பவரே. உள்ளே இருப்பது இரகசியம் என்று சொல்லி வியாபாரம் பண்ணுகிறவர்கள் வேறு வகை. அபூர்வ அலையால் நோய் தீர்க்கிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொட்டுமுன் இந்த வேற்றுமையை நம் குடும்பத்தார் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாதி நெல்லிக்கனி

1917-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, தம் ஐம்பத்தொன்பதாவது பிறந்த நாளில், ஜகதீசர் கல்கத்தாவில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து நாட்டுக்குக் காணிக்கையாக்கினார். ஆயுளெல்லாம் சேர்த்த பணம் அதில் போயிற்று, மற்றவர்களும் உதவினார்கள். அங்கே காணப்படும் உண்மைகள் பொதுச்சொத்து, யாரும் காப்புரிமை வாங்கலாகாது என்பதை நிலையத்தின் நெறியாக வைத்தார். சுவரில் பாதி நெல்லிக்கனியின் சின்னத்தைப் பொறிக்கச் செய்தார். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்ட அசோகச் சக்கரவர்த்தியிடம் கடைசியில் மிஞ்சியது பாதி நெல்லிக்கனி. அதையும் அவர் கொடுத்துவிட்டார் என்பது பழங்கதை. ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சின்னத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிதி என்ற ஊரில் அவர் காலமானார். அபலா அம்மையார் பெண்கல்விக்காகவும் விதவைகளுக்காகவும் உழைத்து, 1951-ம் ஆண்டு மறைந்தார்.

அவர் குளியலறைக்குப் பக்கத்தில் உண்டாக்கிய மில்லிமீட்டர் அலைகளை அக்காலத்தில் உலகம் பயன்படுத்த அறியவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தே அவற்றின் அருமை தெரிந்தது. இன்று வான்வெளி ஆராய்ச்சித் தொலைநோக்கிகளும், கைப்பேசியின் ஐந்தாம் தலைமுறைத் தொடர்பில் ஒரு பகுதியும் அந்த வகை அலைகளைக் கொண்டே இயங்குகின்றன. 2012-ம் ஆண்டு உலக மின்பொறியாளர் கழகம் அவருடைய அந்தச் சோதனையை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்பொழுது திரும்புவோம். குறைந்த சம்பளத்தை மறுத்ததும், பெருஞ்செல்வத்தை மறுத்ததும் ஒரே மனந்தான். இரண்டு தடவையும் அவர் தமக்குப் பின்னால் வருகிறவனை நினைத்தார். குறைந்த கூலியை வாங்கினால் பின்வருகிறவனுக்கும் கூலி குறையும். அறிவுக்குப் பூட்டுப் போட்டால் பின்வருகிறவன் வாசலில் நிற்பான்.

பட்டறையில் உழைக்கிறவரும், வயலில் பாடுபடுகிறவரும், ஆலைக்குப் போகிற நம் பெண்களும் தங்கள் நியாயமான கூலியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்பது பேராசையல்ல, அடுத்தவனுக்கும் சேர்த்துக் கேட்கிற நீதி. தம் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புத் தேடுகிறவரும் குற்றவாளியல்லர். ஜகதீசருக்கு மாதச் சம்பளம் இருந்தது, பட்டறைக்காரருக்கு அவர் பூட்டுத்தான் சம்பளம். ஆனால் நமக்கு இலவசமாக வந்த ஒன்றும் இருக்கிறது. யாரோ ஓர் ஆசிரியர் நமக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு, பெரியவர் காட்டித்தந்த கைத்திறன், நாம் படித்த படிப்பு. அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்கிறோமே, அப்பொழுது நாமும் ஒரு பூட்டைத்தான் போடுகிறோம்.

இந்த வாரம் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தெருவிலுள்ள பிள்ளை ஒன்றை அழைத்து, தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். லஃபோன் சுவாமியார் மேசைமேல் கருவிகளைப் பரப்பியபோது, எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுவன் யாராவான் என்பது அவருக்கும் தெரியாது.